நன்றி என்றால் போதும்

வேலை விடுமுறை என்று ஒரு விசா இருக்கிறது. என் மகள் யனீனா அதில்தான் நியூசிலாந்து போனாள். ஒன்று வேலை என்று சொல், இல்லாவிட்டால் விடுமுறை என்று சொல், இரண்டையும் ஒட்டவைத்துச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று நான் அப்போதே சொன்னேன்.

"ஒரு வருஷம்தாம்பா," என்றாள்.

அவள் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் தலைநகர் புவெனோஸ் ஐரெஸில் ஒரு வீட்டில் சமையல் வேலை, ஒரு வருடம், என்று கிளம்பினாள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள். நான்கு நாள் இருப்பாள். தன் வீட்டிலேயே நாற்காலி நுனியில் உட்காருவாள். அதனால் எவர் ஒரு வருடம் என்று சொன்னாலும் நான் தலையாட்டுவதோடு சரி.

யனீனாவின் ஒரு வருடம் முடிந்து, விசாவைச் சில மாதம் நீட்டிக்கொண்டு, இரண்டு மாதம் ஆனபோது எனக்கு விமான டிக்கெட் அனுப்பினாள். தான் வராமல் என்னை ஏன் வரச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அவள் வாயால் கேட்க வேண்டும். வருகிறாயா, இல்லையா? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு அறுபத்தெட்டு வயதில் மூன்று விமானம் மாறினேன்.

விமான நிலையத்தில் ஒரு நாய் என் பையை மோந்து பார்த்து உட்கார்ந்துகொண்டது. அதிகாரி பையைப் பிரித்தான். எங்கள் இலைக் கஷாயமான மாத்தேயைக் குடிக்கிற சுரைக்குடுக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உறிஞ்சுகுழலைப் பார்த்தான். மாத்தேக்குப் போட கடையில் வாங்கிய யெர்பா இலைப் பொட்டலம் இரண்டையும் அழுத்திப் பார்த்தான். ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கொடுத்துவிட்டு 'தேங்க் யூ' என்றான். அந்த வார்த்தை எனக்கே தெரியும். நான் அவனுக்கு எதுவும் கொடுக்கவில்லையே, எதற்கு நன்றி என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நாய்கூட போய்விட்டது.

எங்களுக்கு அந்த வார்த்தை சும்மா வாயில் வராது. மாத்தே குடிக்கும்போது குடுக்கை ஒருவர் மாற்றி ஒருவருக்கு வரும். உன் முறைக்கு உறிஞ்சிவிட்டு, ஊற்றுகிறவன் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேசாமல் கொடுத்தால் அடுத்த சுற்றும் உனக்கு உண்டு. நன்றி என்று சொன்னால் போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு உனக்கு ஊற்ற மாட்டார்கள். நான் ஐம்பத்தோரு வருடம் யெர்பா இலை ஒடித்தேன். எந்த மேஸ்திரியும் நன்றி சொன்னதில்லை. கடைசி நாள் லாரியிலிருந்து இறங்கும்போது ஒருவன் சொன்னான், "நன்றி செலெஸ்தீனோ" என்று. மறுநாள் லாரி என் வீட்டு முன்னால் நிற்கவில்லை.

யனீனா வெளியே காத்திருந்தாள். ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அழுகை வரும் என்று விமானத்திலேயே கைக்குட்டையை எடுத்து மேல்பையில் வைத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கைக்குட்டையை மடித்துப் பழையபடி உள்ளே வைத்தேன்.

என் வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி கிடையாது. பனி விழுகிற விடியற்காலையில் ஈர இலையை ஒடித்து ஒடித்துச் செத்துப்போனவை. நெருப்பு பட்டாலும் கருகிய வாசனை வந்த பிறகுதான் தெரியும். சில வருடமாக மற்ற இடங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. டாக்டரிடம் விரலைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

பேருந்தில் நான்கு மணி நேரம். நடுவில் இறங்கிய ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். கிழவி, பள்ளிக்கூடப் பிள்ளை, பச்சை குத்திய தடியன், எல்லோரும். தே புக்கே என்ற ஊரில் நாங்கள் இறங்கினோம். யனீனாவும் சொன்னாள்.

"அவன் என்ன உன்னத் தோள்ல தூக்கிட்டா வந்தான்?"

"இங்க எல்லாரும் சொல்வாங்கப்பா. சும்மா ஒரு மரியாதை."

"சும்மா சொல்ற மரியாதைய நான் நம்பமாட்டேன்."

"நீ எதைத்தான் நம்பியிருக்க?" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நடை அவள் அம்மாவுடையது.

அவள் இருந்த வீட்டில் எட்டுப் பேர், ஒரு குளியலறை. எல்லோரும் அவள் வயதுப் பிள்ளைகள். எல்லோரும் வேலை விடுமுறை. யனீனா தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற மிலியின் வேனில் படுத்துக்கொண்டாள். மிலி எங்கள் நாட்டுக் கோர்தொபா ஊர்க்காரி, வாய் நிற்காத பெண். இன்னொருவன் லௌதாரோ, புவெனோஸ் ஐரெஸ் பையன். முதல் நாளே என் தோளில் கைபோட்டான். நான் தோளை எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலை ஐந்தரைக்கு அடுக்களையில் நானும் யனீனாவும் மட்டும் இருப்போம். நான் ஊற்றுவேன். அவள் உறிஞ்சுவாள், திருப்பிக் கொடுப்பாள். மூன்று சுற்று, சில நாள் நான்கு. வேன் ஹாரன் அடித்தால் பேசாமல் எழுந்து போவாள். ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஒரு நாள் தண்ணீர் சரியாகக் காயவில்லை. ஒரு நாள் எவனோ சிலி நாட்டுக்காரன் பால் எடுக்க வந்தான். இப்படியே பத்து நாள் போனது.

பதினோராவது நாள் என்னைத் தன் வேலையிடத்துக்குக் கூட்டிப்போனாள். கிவிப் பழத் தோட்டம். அறுவடை முடிந்து கவாத்து, அதாவது கொடி வெட்டு, நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் மொட்டைக் கொடிகள். ஆட்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி கையைத் தூக்கி வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்தார்கள்.

இவளை நான் ஒரு நாளும் யெர்பாத் தோட்டத்துக்குள் விட்டதில்லை. லாரி வரும்போது அவள் வெளியே வந்து நின்றால்கூடத் திட்டி உள்ளே அனுப்புவேன். படி என்றேன். படித்தாள். ஆசிரியைப் பயிற்சி முடித்து இரண்டு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் கடலைத் தாண்டிவந்து கத்தரியோடு கொடிக்குக் கீழே நிற்கிறாள். மூட்டை சுமந்து எனக்குக் கழுத்து குனிந்தே போய்விட்டது. இவளுக்கு அண்ணாந்தே நின்றுவிடும் போலிருந்தது.

நன்றாக வெட்டினாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கொடியைக் கழித்து, காய்க்கிற கொடியை வைத்து, ஒரே வெட்டு. பக்கத்து வரிசையில் ஒருவன் ஒரே கொடியைக் கத்தரியால் மூன்று தடவை கடித்துக்கொண்டிருந்தான். அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பழைய துணியைக் கிழித்து, கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சுற்று விட்டு, இறுக்கிக் கட்டியிருந்தாள். எங்கள் வரிசையில் இலை ஒடிக்கிறவர்கள் கட்டுகிற கட்டு. கணு வீங்காமல் இருக்க. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இதை யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"எதை?" மணிக்கட்டைப் பார்த்தாள். "நீ தினமும் காலையில சமையக்கட்டுல நின்னு கட்டுவியே."



தோட்டத்துக்கு மேற்பார்வை ட்ரேசி என்ற வெள்ளைக்காரி. அந்தக் குளிரில் அரைக்கால் சட்டை போட்டிருந்தாள். நேராக என்னிடம் வந்து என் கையைக் குலுக்கி நிறையப் பேசினாள். யனீனாவின் முதுகில் தட்டினாள். மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். மறுபடி பேசினாள். கடைசியில் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன சொன்னா?"

"உன் தொப்பி நல்லாருக்காம்."

"அவ்ளோ நேரமா தொப்பியப் பத்தியா பேசினா?"

"இங்கிலீஷ்ல அவ்ளோ நேரம் ஆகும்பா."

என் தொப்பி ஒன்றுதான். மூன்று இல்லை. ஆனால் கேட்கவில்லை. பெட்டியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அவள் வெட்டுவதைப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்காக மதியம் இறைச்சி சுட்டார்கள். மழைத் தூறலில், கொட்டகைக்குக் கீழே, எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்துச் செய்த அடுப்பில். லௌதாரோதான் அடுப்படியில் நின்றான். பெரியவர்களை டோன் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை.

"டோன் செலெஸ்தீனோ, உங்க கையால உப்பு போடுங்க. வீட்டுக்குப் பெரியவர் நீங்கதான்."

"நீ போட்டதே ஜாஸ்தி."

மிலி கைதட்டினாள். "வாங்கிக்கடா! நாலு மாசமா நானும் இதத்தான் கத்துறேன்."

"இவ கத்தறதுலதான் கறி வேகுது டோன்," என்றான் லௌதாரோ. "சரி, சொல்லுங்க. ஒல்லி சொன்னா, நீங்க யெர்பாவுல இருக்கீங்கன்னு." யனீனாவை அவர்கள் ஒல்லி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ஆமா. யெர்பாவுலதான்."

"எத்தன வருஷமா?"

"அம்பத்தோரு வருஷம் இருந்தேன்."

"அடேங்கப்பா. அப்போ உங்கப்பா காலத்துலேர்ந்தே?"

"அவரும் யெர்பாதான். அவரோட அப்பாவும்."

"பரம்பரைன்னா இதான்," என்று மிலியைப் பார்த்தான். "எத்தன ஹெக்டேர் இருக்கும் டோன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யெர்பா விளைகிற எங்கள் மிசியோனெஸ் மாகாணத்தில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். மூட்டை உட்கார்ந்த இடத்தில், என் பின்கழுத்தில், கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு இருக்கிறது. அதைப் பார்த்தால் கைக்குழந்தைகூட என்னை முதலாளி என்று சொல்லாது. ஆனால் இவன் தலைநகரத்துப் பையன். யெர்பா இவனுக்குக் கடை அலமாரியில் விளைகிறது. அப்பா யெர்பாவில் இருக்கிறார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். தோட்டம் வைத்திருக்கிறார் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவள் திருத்தவில்லை. ஒரு வருடம் இரண்டு மாதமாகத் திருத்தவில்லை.

யனீனா கீரையும் தக்காளியும் நறுக்கிப் போட்ட கிண்ணத்தோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. நல்லவன் என்பதால் அல்ல. பொய் சொன்னால் அதை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும், அது எனக்கு ஆகாது. வாயைத் திறந்து, தம்பி, நான் கூலிக்கு இலை ஒடித்தவன் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கிண்ணம் அவள் கையில் லேசாகச் சாய்ந்தது. இரண்டு தக்காளித் துண்டு கீழே விழுந்தது.

"எண்ணிப் பாத்ததில்ல," என்றேன். "காலையில ஒரு முனையில நடக்க ஆரம்பிச்சா, மறுமுனைக்குப் போறப்ப இருட்டிடும்."

லௌதாரோ விசில் அடித்தான். "ஆளுங்க எத்தன பேரு?"

"லாரிக்கு முப்பது பேர்."

"மேய்க்கறது கஷ்டமா?"

"அவனுங்க நல்லவனுங்க. ஈரந்தான் மோசம்."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் சேர்ந்து பொய்யாக இருந்தது.

"ஏய் ஒல்லி," என்று லௌதாரோ வாசலைப் பார்த்துக் கத்தினான். "அப்பன் இவ்ளோ பெரிய ஆளு, நீ எதுக்குடி இங்க வந்து கொடி வெட்டிக்கிட்டு கிடக்குற?"

யனீனா கிண்ணத்தை நேராகப் பிடித்துக்கொண்டாள். "விடுமுறைடா," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மிலி சிரித்துச் சிரித்து இருமினாள். அந்தப் பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே விடுமுறைதான். கை வலித்தால் புகைப்படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், வீட்டில் பெருமைப்படுவார்கள். இவள் மட்டும் மணிக்கட்டில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்கிறாள். அதை அவர்களுக்குத் தெரியாமல் செய்கிறாள். எனக்குத் தட்டில் முதல் துண்டு வைத்தார்கள். மென்றேன். உப்பு கூடவா குறைவா என்றுகூடத் தெரியவில்லை. யாரும் பார்க்காதபோது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுப் பின்கழுத்தை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை. ஏழு மணிக்குப் பேருந்து. பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு அடுக்களையில் தண்ணீர் காய்ச்சினேன். கொதிக்கவிடாமல் சரியான பதத்தில் இறக்கி ஃபிளாஸ்க் நிறைய ஊற்றிக்கொண்டேன். குடுக்கையில் இலை போட்டுக் குழலைச் செருகினேன். முதல் மாத்தே ஊற்றுகிறவனுக்கு. குடித்தேன். இரண்டாவது அவளுக்கு. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும், இரண்டாவது சுற்றில் கேட்டுவிட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தேன்.

யனீனா குடுக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக உறிஞ்சினாள். கடைசிச் சொட்டுவரை, குழல் சத்தம் போடும்வரை. திருப்பிக் கொடுத்தாள். என் கண்ணைப் பார்த்து, "நன்றிப்பா," என்றாள்.

நான் குடுக்கையை மேசையில் வைத்தேன்.

அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது, என்ன சொன்னோம் என்று. "ஐயோ, அந்த நன்றி இல்லப்பா. நேத்துக்கு. நேத்து நீ உண்மைய உடைக்காம இருந்தியே, அதுக்கு."

"தெரியும்."

"இங்க சொல்லிச் சொல்லி வாயில ஒட்டிக்கிச்சு."

"ம்."

"நான் முதலாளின்னு சொல்லலப்பா. யெர்பாவுல இருக்காருன்னுதான் சொன்னேன். அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு..." நிறுத்தினாள். "உனக்குக் கோவமா?"

"இல்ல." அது நிஜம். "அந்த வெள்ளைக்காரி காட்டின மூணு விரல் என்ன?"

மேசையில் ஒரு ரொட்டித் துணுக்கு கிடந்தது. அதை விரல் நுனியால் அழுத்தினாள். "மூணு வருஷம். வேற விசா. ட்ரேசி எழுதிக்கொடுக்கறா. வரிசைக்கு மேற்பார்வையா இருக்கச் சொல்றா. நான் சரின்னுட்டேன். அதைச் சொல்லத்தான் உன்ன வரச் சொன்னேன். தினமும் இங்க உக்காந்து சொல்லணும் சொல்லணும்னு நினைப்பேன், ஹாரன் அடிச்சிடும்."

"தொப்பியப் பத்தி ஒண்ணும் சொல்லலியா அவ?"

"சொன்னா. அதைத் துவைக்கச் சொன்னா."

நான் தலையாட்டினேன். ஒரு வருடத்துக்கும் தலையாட்டினேன், மூன்று வருடத்துக்கும் தலையாட்டினேன். பதில் கிடைத்துவிட்டது. கேள்வியைக்கூட முழுசாகக் கேட்கவில்லை.

குடுக்கையில் தண்ணீர் ஊற்றி நான் குடித்தேன். மறுபடி ஊற்றினேன். அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி, மேசைக்கு மேல். மணிக்கட்டில் துணி கட்டிய தடம் இருந்தது.

"ஒண்ணு குடுப்பா."

"சொன்னா சொன்னதுதான்," என்றேன். குடுக்கையை என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று. நான் வேடிக்கை பண்ணவில்லை. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் எடுத்துக்கொண்டாள். நான் இன்னும் ஒன்று தனியாகக் குடித்தேன். வேன் ஹாரன் அடித்தது. இந்தத் தடவை அது எங்கள் இரண்டு பேருக்கும்.

மிலி பேருந்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டாள். யனீனா கட்டிப்பிடித்தாள். ஜாக்கெட்டில் கொடியின் வாசனை இருந்தது. "போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுப்பா," என்றாள். சரி என்றேன். பேருந்து திரும்பும்போது பார்த்தேன். இரண்டு பேரும் வேனுக்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

நான்கு மணி நேரமும் ஃபிளாஸ்க் என் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. இறங்கும்போது எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிற இடத்தில் சீருடை போட்ட ஒரு பெண் ஃபிளாஸ்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர் சலசலத்தது. கொண்டுபோகக் கூடாது என்று சைகை காட்டினாள். பக்கத்தில் ஒரு தொட்டி இருந்தது. அதில் கவிழ்த்துவிடச் சொன்னாள்.

மூடியைத் திறந்தேன். ஆவி வந்தது. நல்ல ஃபிளாஸ்க், காலையில் ஊற்றிய சூடு இன்னும் இருந்தது. கவிழ்த்தேன். நிறைய வந்தது. எட்டு மாத்தே, பத்து மாத்தேகூட ஊற்றியிருக்கலாம். கொஞ்சம் என் வலது கையின் செத்த விரல்கள் மேல் தெறித்தது. தோல் சிவந்தது. வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் காலி ஃபிளாஸ்கை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "தேங்க் யூ," என்றாள்.